விசில் வராத குக்கர்

எனக்கு அப்போது எட்டு வயது. தீபாவளி முடிந்து, தான் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனிக்கு லீவு விட்டதும், அம்மா என்னையும் மூன்று வயதுத் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு கொடைக்கானலில் இருந்த மாமா வீட்டுக்குப் போனாள். மாமா அங்கே ஒரு லாட்ஜில் சமையல்காரர். என் அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து பாதி டாக்டராகிவிட்டார். யாரோ வெள்ளைக்காரர் விட்டுப்போன ஓட்ஸ் பாக்கெட்டை அம்மாவுக்கென்றே எடுத்து வைத்திருந்தார். கடையில் கிடைக்கும் அவல் மாதிரி ஓட்ஸ் இல்லை. நொய் போல வெட்டிய முரட்டு ஓட்ஸ்.

ஒரு மணி நேரம் கொதித்தும் அது பல்லுக்கு மசியவில்லை.

"மலையில தண்ணி வெரசாக் கொதிச்சிரும்க்கா, ஆனா அம்புட்டுச் சூடு இருக்காது. குக்கர்ல போட்டா வெந்துரும்" என்று மாமா அதைக் குக்கரில் கழுத்துவரை ஊற்றி மூடினார். குளிருக்கு இதமாகத் தங்கச்சி அடுப்படி மூலையில் கம்பளிக்குள் தூங்கிப்போயிருந்தாள்.

வெகுநேரமாகியும் விசில் வரவில்லை. பொங்கிய கஞ்சி துவாரத்தை அடைத்துக்கொண்டது. குக்கர் உள்ளுக்குள் உறுமியது. மாமா கரண்டியால் விசிலைத் தட்டப் போனார்.

"ஏலே, தொடாத! வெடிக்காம கெடக்குறத எவனாச்சும் போய்த் தொடுவானா?"

அம்மா ஒரு கையில் மாமா சட்டையையும் மறு கையில் என்னையும் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். அது கம்பெனியில் பழகிய ஓட்டம். சத்தம் வரும் என்று தெரிந்தால் திரும்பிப் பார்க்கவே கூடாது. கேட் வரைக்கும் அவள் பார்க்கவுமில்லை. அங்கே நின்றுதான் எங்களை எண்ணினாள்.

"ஐயோ, சின்னவ எங்க?"

மாமா அசைவதற்குள் அம்மா உள்ளே போய்விட்டாள். அடுத்த நிமிடம் டமார் என்றது. என்னைப் பிடித்திருந்த மாமாவின் கையைக் கடித்துவிட்டு "அம்மா, அம்மா" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

வாசலில் அம்மா எதிரே வந்தாள். தலையெல்லாம் கஞ்சி. இடுப்பில் தங்கச்சி வீறிட்டு அழுதுகொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் ஒரு காயமுமில்லை. குக்கர் மூடியின் வால்வு மட்டும் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. அம்மா என்னைப் பார்த்தாள். ஓங்கி ஓர் அறை விட்டாள்.

"வெடிச் சத்தம் கேட்டா என்னயத் தேடி வரக்கூடாதுன்னு எத்தன தடவ சொல்லிருக்கேன்! தேடி வருவியா? வருவியா?"

அதுவரை அம்மா என்னை அடித்ததே இல்லை. அவளுக்காக உயிரை விட ஓடிய எனக்கா அறை என்று இரண்டு நாள் பேசாமல் வீம்பாக இருந்தேன். அவளும் சமாதானப்படுத்த வரவில்லை.

அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, கம்பெனி விபத்தில் இறந்தவள் என்பது மட்டும்தான் அன்று எனக்குத் தெரியும். வெடித்ததும் அவள் பத்திரமாக வெளியே வந்துவிட்டாள் என்பதும், வேறு வாசல் வழியாக எப்போதோ தப்பித்திருந்த என் அம்மாவைத் தேடித்தான் மறுபடி உள்ளே போனாள் என்பதும் தெரியாது.