பக்கத்து வீட்டு வாசலில் மிட்வைஃபின் ஸ்கூட்டி

இரண்டு கோடு விழுந்த சோதனைத் துண்டைக் காட்டியபோது உம்மா முதலில் சொன்னது, "அல்ஹம்துலில்லாஹ்." மூச்சு விடாமல் அடுத்துச் சொன்னது, "ஆருக்கிட்டயும் வாய் துறந்திராத."

சாய்ந்தமருதில், எங்கள் ஒழுங்கையில், கர்ப்பம் என்பது மூன்று மாதம் வரை இரகசியம். இரகசியம் என்றால் யாருக்கும் தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. எல்லோருக்கும் தெரியும், முகத்துக்கு நேரே கேட்கமாட்டார்கள், அவ்வளவுதான். வாடை பிடிக்காமல் ஒரு வீட்டில் பத்து நாள் மீன் வாங்காவிட்டால் மீன்காரருக்கே சங்கதி விளங்கிவிடும். அவருக்கு விளங்கினால் அடுத்த நான்கு வீட்டுக்கும் மீனோடு சேர்த்து அதுவும் போகும். திகதி வேண்டுமென்றால் அதற்கும் ஆள் இருக்கிறது. மாதவிடாய் நாளில் பெண்ணுக்குத் தொழுகை இல்லை. நோன்பு மாதத்தில் இரவுத் தொழுகைக்கு எந்தப் பெண் எத்தனை நாள் வரவில்லை என்று எங்கள் தெருப் பெண்கள் மனதில் குறித்து வைத்திருப்பார்கள். நான் வராமல் விட்டது இருபத்தேழாம் இரவு. ஊரே திரண்டு தொழும் அந்த இரவில் வீட்டில் இருந்தவளை யார் மறப்பார்கள்? பெருநாள் முடிந்து ஒரு மாதத்தில் நான் எதை, யாரிடம் மறைப்பது?

ஆனாலும் மறைக்கத்தான் வேண்டும் என்றார் உம்மா. கண்ணூறு படுமாம்.

இந்த இரகசியத்தை நான் ஏற்கெனவே ஒருமுறை ஒழுங்காகக் காத்தவள். அதனால்தான் இம்முறை எனக்குப் பொறுமை இல்லை.

நான் ஓர் அபிவிருத்தி உத்தியோகத்தர். எதை அபிவிருத்தி செய்கிறேன் என்று என்னைக் கேட்கக் கூடாது. மற்றவர்களைப் படிவம் நிரப்ப வைப்பதுதான் என் வேலை. இரண்டு வருடத்துக்கு முன் நாவிதன்வெளிப் பக்கம் ஒரு கிராமத்தில் பெண்களுக்கு விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தினோம். மைக்கைப் பிடித்துக்கொண்டு நான்தான் முழங்கினேன். "கர்ப்பம் என்று தெரிந்த உடனேயே உங்கள் பகுதி மிட்வைஃபிடம் பதியுங்கள். எட்டுக் கிழமை தாண்டக் கூடாது. வெட்கப்பட்டு மறைக்காதீர்கள்." வயலிலிருந்து அப்படியே எழுந்து வந்திருந்த பெண்கள் நன்றாகக் கைதட்டினார்கள். அன்று எனக்கு ஏழு கிழமை. என் பகுதி மிட்வைஃபுக்கு அது தெரியாது. மறைக்காதீர்கள் என்ற சொல்லை அடிவயிற்றில் கையை வைத்துக்கொண்டா சொன்னேன் என்பது இப்போது ஞாபகமில்லை. வைத்திருந்தால் நல்ல பொருத்தம்.

ஒன்பதாவது கிழமையில் இரத்தம் போனது. ஆஸ்பத்திரியில் தாதி கேட்டவற்றுக்கெல்லாம் ஒரே பதில்தான் என்னிடம் இருந்தது. கிளினிக் கார்ட் இருக்கா? இல்லை. இரத்த வகை தெரியுமா? இல்லை. ஃபோலிக் அசிட் போட்டனீங்களா? இல்லை. பட்டதாரியா? அதை அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஓம் என்று ஒரு பதிலாவது சொல்லியிருப்பேன்.

நேரத்தோடு பதிந்திருந்தாலும் இது நின்றிருக்காது, இப்படிச் சில போகும், யாருடைய பிழையும் இல்லை என்று டொக்டர் சொன்னார். அதை நான் நம்புகிறேன். என் வயிற்றெரிச்சல் அதற்கல்ல. வீடு திரும்பியபோது, "புள்ளைக்கு என்ன?" என்று வந்து கேட்டவர்களிடம் உம்மா சொன்னார்: "கொத்துரொட்டி திண்டு வயித்தால போகுது." தெரு அதை அப்படியே எடுத்துக்கொண்டது. சந்தியிலிருந்த கொத்துக் கடைக்கு இரண்டு கிழமை ஆள் போகவில்லை. பாவம் அந்த மனிதர். என் பிள்ளை போனதால் பாதிக்கப்பட்ட ஒரே வெளியாள் அவர்தான். எனக்கோ அழவும் வழியில்லை. கொத்துரொட்டிக்கு யாராவது அழுவார்களா?

பிறகு உம்மா தன் தீர்ப்பையும் சொன்னார். "எரநூறு பேருக்கு முன்னால மைக்கோட நிண்டா கண்ணூறு படாதா?"

"அவங்களுக்குத் தெரியாதே உம்மா. தெரியாத சாமானுக்கு எப்பிடிக் கண்ணூறு படும்?"

"தெரிஞ்சிருந்தா இன்னும் படும்," என்றார். இந்த வாதத்துக்கு எந்தப் பல்கலைக்கழகத்திலும் பதில் சொல்லித் தருவதில்லை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் எடுக்கப்படவேயில்லை.

எனவே இம்முறை ஐந்தாவது கிழமையிலேயே சொல்லிவிட்டேன்: எட்டுக் கிழமைக்குள் என் பெயர் மிட்வைஃபின் பதிவுப் புத்தகத்தில் ஏற வேண்டும். இந்தப் பிள்ளை நின்றாலும் சரி, நிற்காவிட்டாலும் சரி, இது இருந்தது என்று எங்காவது ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். கணவர் சம்மாந்துறைக்காரர். எங்கள் ஊர் வழக்கப்படி கலியாணத்தோடு என் வீட்டுக்குக் குடிவந்தவர். என் உம்மா பேசும்போது அவர் எப்போதும் கைத்தொலைபேசியில் முக்கியமான எதையோ தேடிக்கொண்டிருப்பார். அன்றும் தேடினார்.

உம்மா ஒரு மாற்று யோசனை வைத்தார். மிட்வைஃப் என்றால் ஊருக்குத் தெரிந்துவிடும். கொழும்பிலிருந்து கிழமைக்கு ஒருநாள் கல்முனைக்கு வரும் பெரிய லேடி டொக்டரைக் காசு கட்டித் தனியாரில் சனல் பண்ணுவோம். நான் முகம் மூடுவதில்லை. அன்றைக்கு மட்டும் உம்மா எங்கிருந்தோ ஒரு நிகாப் கொண்டுவந்து என் முகத்தில் கட்டினார். கண் மட்டும் தெரிய, யாரென்றே அடையாளம் தெரியாதவளாக நான் சனல் சென்ரருக்குள் நுழைந்தேன். உம்மா தன் முகத்தைத் திறந்தபடி எனக்குப் பக்கத்தில் வந்தார்.

"அட, மகளக் கூட்டிட்டு வந்தீங்களா?" என்றாள் முதல் வரிசையில் இருந்த ஒருத்தி.

"எனக்குத்தான் முழங்கால் நோவு," என்றார் உம்மா.

கதவில் டொக்டரின் பெயருக்குக் கீழே மகப்பேற்று நிபுணர் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதன் கீழே உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்த ஒரே ஆள் என் உம்மாதான். இரண்டு மணித்தியாலம் தடவினார்.

உள்ளே, கடைசி மாதவிடாய் எப்போது என்று டொக்டர் கேட்டார். "இருவத்தேழாம் நோன்பு," என்றார் உம்மா, இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்லமுடியாது என்ற குரலில். டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். நான் திகதியைக் கணக்குப் பார்த்துச் சொன்னேன். அவர் இரண்டு வரி எழுதிவிட்டுத் தலையைத் தூக்கினார்.

"கார்ட் எங்க?"

"என்ன கார்ட்?" என்றார் உம்மா.

"மிட்வைஃபுக்கிட்ட பதியல்லையா? முதல்ல அங்க பதிஞ்சி கார்ட் எடுங்க. பிறகு வாங்க. அந்தக் கார்டைப் பாத்துத்தான் நானும் எழுதவேணும்."

மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. திரும்பும் வழியில் நிகாபைக் கழற்றி உம்மாவின் மடியில் வைத்தேன். அவர் அதை மடித்துக் கைப்பையில் வைத்தார். நான் சிரித்தது மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை.

மறுநாளே மிட்வைஃபுக்கு அழைத்தேன். அரசாங்கக் கடிதங்களில் அவருடைய பதவிக்கு ஒரு முழ நீளப் பெயர் உண்டு. நாங்கள் மிட்வைஃப் மிஸ் என்போம். தமிழ் ஆள். பன்னிரண்டு வருடமாக எங்கள் ஒழுங்கைகளில் ஓடித் திரிகிறவர். அவருடைய வெள்ளை ஸ்கூட்டி ஒரு வாசலில் நின்றால் அந்த வீட்டில் ஒன்று பிறந்திருக்கிறது, இல்லாவிட்டால் பிறக்கப்போகிறது. செவ்வாய்க்கிழமை பின்னேரம் வருவதாகச் சொன்னார்.

உம்மா சும்மா இருப்பாரா? எனக்குத் தெரியாமல் மிஸ்ஸுக்கு அழைத்திருக்கிறார். "மிஸ், எங்கட வாசல்ல சரியான வெயில். ஸ்கூட்டி சீற் சுட்டுப்போகும். பக்கத்து வீட்டு மாமரத்துக்குக் கீழ வைங்க." மிஸ்ஸுக்கு அந்த அன்பு மனதைத் தொட்டிருக்க வேண்டும். சொன்னபடியே செய்தார். நானோ, வழமைபோல எதுவும் முடிவாகாத ஓர் அலுவலகக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டேன். நான் வருவேன் வருவேன் என்று பார்த்துக்கொண்டு மிஸ் எங்கள் வீட்டுக்குள் முக்கால் மணித்தியாலம் இருந்திருக்கிறார். ஸ்கூட்டியும் பக்கத்து வீட்டு வாசலில் முக்கால் மணித்தியாலம் நின்றிருக்கிறது. பிறகு, இன்னொரு நாள் வருகிறேன் என்று போய்விட்டார்.

பக்கத்து வீட்டில் இருப்பவரைச் சாச்சி என்போம். சின்னம்மா முறை; சொந்தமில்லை, வாய்ப் பழக்கம். வயது நாற்பத்தொன்பது. அடுத்த மாதம் அவருடைய மூத்த மகளுக்குக் கலியாணம். அந்தி மஃரிப் பாங்கு சொல்லும் முன்பே கதை ஒழுங்கை முனைக்குப் போய்விட்டது. இரவு மாப்பிள்ளை வீட்டிலிருந்து அழைப்பு வந்ததாம். கலியாணத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "ஒங்கட ஒடம்பு எப்பிடி?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார்களாம்.

மறுநாள் காலை சாச்சி எங்கள் கேற்றைத் திறந்த சத்தத்திலேயே கணவர் எழுந்து குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டார்.

"என்ட மகள்ட கலியாணத்துக்கு நான் வயித்தத் தள்ளிட்டு நிக்கிறதா?" என்றார் சாச்சி. "ஊர் சிரிக்கிது! அவரு நேத்து ராவுலரிந்து என்னோட கதைக்கல்ல!"

"மிஸ் வழி கேக்க நிப்பாட்டியிருப்பா," என்றார் உம்மா.

"பன்னெண்டு வருசமா வாறவ வழி கேட்டவவா?"

எனக்குப் போதும் என்றாகிவிட்டது. முன்னால் போனேன். "சாச்சி, ஸ்கூட்டி எனக்குத்தான் வந்த. ஏழு கிழமை."

உம்மா தலையில் கைவைத்தார். சாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அது தெரியும் புள்ள. நீங்க மீன் வாங்கிப் பத்து நாளாச்சி. அதுக்கு நான் ஒண்டும் சொல்லல்ல. ஸ்கூட்டிய ஒங்கட வாசல்ல நிப்பாட்டச் சொல்லுங்க எண்டுதான் சொல்றன்." போகும்போது திரும்பி, "நேரத்துக்குச் சாப்பிடு," என்றும் சொல்லிவிட்டுப் போனார். உம்மா இவ்வளவு பாடுபட்டுக் காத்த இரகசியத்தின் இலட்சணம் இதுதான்.

சனிக்கிழமை ஸ்கூட்டி எங்கள் வாசலிலேயே நின்றது. சீற் நன்றாகச் சுட்டிருக்கும். ஏழு கிழமையும் நான்கு நாளும். மிஸ் என்னை நிறுத்தார், உயரம் பார்த்தார், கையில் பட்டி கட்டிப் பிரஷர் பார்த்தார். இருபத்தேழாம் நோன்பு என்றவுடன் டயறியைத் திறந்தார். பள்ளிவாசலில் கொடுக்கும் நோன்பு அட்டவணையை அதன் உள்மட்டையில் ஒட்டியிருந்தார். விரலை வைத்துத் திகதியை எடுத்து எழுதினார். கொழும்பு டொக்டருக்கு இல்லாத படிப்பு.

"இது எத்தினையாவது தங்கச்சி?"

அடுப்பு வேலையை விட்டுவிட்டுக் குசினி வாசலில் நின்ற உம்மா முந்திக்கொண்டார். "முதலாவது, மிஸ்."

"ரெண்டாவது," என்றேன் நான்.

மிஸ் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. கார்ட்டையே பார்த்துக்கொண்டு, "பிள்ளை இருக்கா?" என்றார். இல்லை என்றேன். எத்தனையாவது கர்ப்பம் என்ற கட்டத்தில் 2 என்று எழுதினார். உயிரோடுள்ள பிள்ளைகள் என்ற கட்டத்தில் 0 என்று எழுதினார். நீலப் பேனை. இரண்டு வருடத்தில் எங்கள் வீட்டுக்குள் அதைப் பற்றி யாராவது எழுதியது அதுதான் முதல் தடவை.

"முதல் பிள்ளை எத்தின கிழமையில போன?"

ஊருக்கெல்லாம் மைக்கில் பேசியவள், பிரஷர் பட்டியை எடுத்துச் சுருட்டத் தொடங்கினேன்.

"ஒம்பது கிழமையும் மூணு நாளும்," என்றார் உம்மா. "வியாழக்கிழமை, பகல் லுஹர் தொழுகைக்குப் புறகு. இரிந்திருந்தா வாற மாசம் ஒண்டர வயசு."

மிஸ்ஸின் பேனை நின்றது. அந்த நேரத்தில் உம்மாவைப் பார்த்து எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. நாள், நேரம், வயது எல்லாவற்றையும் இப்படி மனதில் வைத்துக்கொண்டு, இரண்டு வருடம் என்னைக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுத் தனியாக அழ விட்டிருக்கிறார்.

"அப்ப ஏன் உம்மா எனக்கிட்ட ஒரு நாளும் கதைக்கல்ல?"

உம்மா முக்காட்டு நுனியால் மூக்கைத் துடைத்தார்.

"நீ மறந்திட்ட எண்டு நெனச்சன், மகள்," என்றார். "நான் கதைச்சா ஞாபகம் வந்திரும் எண்டு வாயப் பொத்திட்டு இரிந்தன்."