எதிர்வாசலைப் பார்க்கும் நாய்

பூங்காக்களுக்கும் கடைவாசல்களுக்கும் சிமெண்டில் மிருகங்கள் செய்து பிழைப்பவளைத் தெருவே 'புலியக்கா' என்றுதான் கூப்பிட்டது. கோபம் வந்துவிட்டால் அந்தப் பெயர் இன்னும் பொருந்தும்.

அவள் வளர்த்த நாய் குண்டு ஒருநாள் வாயில் நுரை தள்ளிச் செத்துக் கிடந்தது. சோற்றில் விஷம் வைத்தவன் எதிர்வீட்டில் இருந்த அவளுடைய சொந்த அண்ணன். அவனுடைய புதுக் காரை அது கீறிவிட்டதாம். முதல் ஆளாக வந்து துக்கம் விசாரித்தவனும் அவனே. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற ஜென்மம். மனசு பொறுக்காமல் அண்ணிதான் உண்மையைச் சொன்னாள்.

புலியக்கா சண்டைக்குப் போகவில்லை. கம்பியை எடுத்தாள். எந்த மிருகத்துக்கும் அவள் முதலில் வளைப்பது முதுகெலும்பை. அதன் குணமே அங்கேதான் இருக்கிறது என்பாள். பாயப்போகிற நாயாக வளைத்தாள். வெகுநேரம் அதையே பார்த்திருந்துவிட்டு, குறட்டால் நிமிர்த்தி வேறு மாதிரி வளைத்தாள். கால் கம்பிகளை நீளமாக விட்டுத் தன் வாசற்படியில் துளையிட்டு இறக்கிப் பூசினாள். மேலே கம்பிவலை சுற்றி, சிமெண்ட் அப்பி, ரோமம் ரோமமாகக் கீறினாள்.

வேலை முடிந்தபோது, எதிர்வாசலைப் பார்த்துக் காதை மடக்கி, வாலை ஆட்டிக்கொண்டு, சோற்றுக்குக் காத்து நின்றது குண்டு.

அண்ணனுக்கு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. படியருகே வந்து நின்றான்.

"அதை அந்தப் பக்கம் திருப்பி வை."

"கால் கம்பி படிக்குள்ள இறங்கியிருக்கு. திரும்பாது."

"கடிக்க வர்ற மாதிரியாவது செஞ்சிருக்கலாமே."

"உன்னப் பாத்து அது ஒருநாளும் குரைச்சதுகூட இல்லையேண்ணே."