சித்திக்கு நான் மாற்றிச் சொன்ன சொற்கள்

ஊரெல்லாம் கருவாட்டு வாடை நிறைந்திருக்கும் எங்கள் தாழ்வுபாடு கிராமத்தில் என் சித்தியின் முதுகில் மட்டும் பவுடர் மணக்கும். சைக்கிள் ‘கரியரில்’ இருந்து, அந்த முதுகில் கன்னத்தை ஒட்டிக்கொண்டுதான் நான் ஆறாம் வகுப்புவரை பள்ளிக்கூடம் போனேன். அப்பா கடலுக்கும் அம்மா ‘நண்டுக் கொம்பனி’ வேலைக்கும் விடியமுன்னரே போய்விடுவார்கள் என்பதால், எனக்குத் தலை இழுத்துப் பின்னிவிடுவது, சோறு கட்டித் தருவது, காய்ச்சல் வந்தால் மல்லி அவித்துத் தருவது எல்லாம் அம்மாவின் தங்கையான ஜெசிந்தா சித்திதான். அவர் எனக்கு மட்டும் உரியவர் என்று நான் நினைத்திருந்தேன்.

நான் ஆறாம் வகுப்பில் இருந்த வருடம் சித்திக்குக் கலியாணம் நடந்தது. லண்டனில் இருந்து வந்த மாப்பிள்ளை மூன்று கிழமை நின்றார். அந்த மூன்று கிழமையும் சித்தி என் தலையை அவசரமாக இழுத்துக் கட்டிவிட்டு அவரோடு ‘ரவுண்’ கடைகளுக்குப் போய்விடுவார். ‘சித்தப்பா’ என்று கூப்பிடச் சொன்னார்கள். நான் ஒருநாளும் கூப்பிடவில்லை. மாப்பிள்ளை திரும்பிப் போன பிறகும் எனக்கு விடிவில்லை. பின்னேரம் நாலு மணிக்கு ஃபோன் வரும். சித்தி வேலியோரம் போய் நின்று, எனக்குக் கேட்காதபடி கதைத்துச் சிரிப்பார்.

லண்டனுக்குப் போவதென்றால் கொழும்பில் ஒரு ஆங்கிலச் சோதினை பாஸாக வேண்டும், ஒருவருக்கு முன்னால் இருந்து பேசிக் காட்ட வேண்டும் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்துக்குப் பரிசு வாங்குகிறவள் நான். சித்தி கொப்பியும் பேனையுமாக என்னிடமே வந்தார்.

“டிலா, ஒண்டு மாதிரிக் கிடக்கிற சொல்லுகள்தான் எனக்குப் பிடிபடுதில்ல. சொல்லித் தாவன்.”

எங்கள் பேச்சில் வாங்கினாலும் இரவல், கொடுத்தாலும் இரவல். ஆங்கிலத்தில் அப்படியில்லை, இரவல் வாங்குவதற்கு ‘பொரோ’, கொடுப்பதற்கு ‘லென்ட்’. எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் சற்று முன்னர் ஃபோனில் கேட்ட ஏதோ ஒன்றுக்காகச் சித்தியின் முகம் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. நான் இரண்டையும் மாற்றிச் சொன்னேன். அடுத்த நாள், ‘ரீச்சர்’மார் செய்கிற ‘ரீச்’ என்றால் படிக்கிறது, ‘லேர்ன்’ என்றால் படிப்பிக்கிறது என்றேன். சித்தி அதையெல்லாம் வட்ட வட்ட எழுத்தில் எழுதிவைத்து, கறி கிண்டும்போதும் பாடமாக்கினார்.

சோதினையில், என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்களாம். சித்தி ஞாயிறுகளில் கோயிலில் சின்னப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி படிப்பிக்கிறவர். சின்னப் பிள்ளைகளை ‘லேர்ன்’ பண்ணுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அதனாலா, வேறு பிழைகளாலா, எனக்கு இன்றுவரை தெரியாது. ‘ஃபெயில்’ என்று வந்தது. எனக்கு வந்த சந்தோசத்தை ஒளிக்கக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினேன்.

அடுத்த கிழமை மாப்பிள்ளையின் தாய் எங்கள் முற்றத்தில் வந்து நின்றார்.

“இங்கிலிசு ஏறாத பிள்ளையைக் கட்டிவைச்சுப்போட்டம். என்ர மகன் எத்தினை வருசத்துக்குத் தனியக் கிடக்கிறது?” என்று அம்மாவிடம் கேட்டார். உள்ளே சித்தி மடியில் கொப்பியோடு, கதிரையில் தலை நிமிராமல் இருந்தார். நான் நினைத்தது இதை அல்ல.

இரண்டு நாள் கழித்துச் சித்தி என்னைக் கூப்பிட்டார். அவருடைய கொப்பியோடு என் பள்ளிக்கூடக் கொப்பியும் மேசையில் விரித்துக் கிடந்தது.

“ரீச் எண்டா என்ன?”

“படிக்கிறது.”

“உன்ர கொப்பியில படிப்பிக்கிறது எண்டெல்லோ எழுதிச் சரி வாங்கியிருக்கிறாய்?”

நான் என் கொப்பியை எட்டி மூடினேன்.

“நான் போறது உனக்கு விருப்பமில்லையோ?”

“போகாதேங்கோ.”

“அவர் அங்க தனிய, டிலா.”

“நானும் தனியத்தானே.”

சித்தி அடிக்கவில்லை, அம்மாவிடம் சொல்லவுமில்லை. என் கொப்பியை மட்டும் தன்னோடு வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து ஒரு சொல்லுக்கும் என்னிடம் கருத்துக் கேட்கவில்லை. அடித்திருந்தால் இவ்வளவு நொந்திருக்காது. அந்தக் கொப்பியைப் பார்த்தே படித்து அடுத்த முறை பாஸானார், மாசியில் போய்விட்டார்.

இப்போது நான் முருங்கன் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். சித்தி இருந்த அறையை இடித்து வீட்டைப் பெருப்பித்துவிட்டோம். போன ஆவணியில் சித்தி ஒன்பது வயது மகளோடு வந்தார். அந்தப் பிள்ளை சித்தியின் கையை ஒருகணமும் விடவில்லை. இத்தனை வயதாகியும் அந்தக் கையையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளை என்னைக் காட்டி, இவர் யார் என்று ஆங்கிலத்தில் தாயிடம் கேட்டது.

எங்கள் பக்கத்தில் அக்காவின் பிள்ளையும் மகள்தான். லண்டனுக்குப் போகுமுன் யார் கேட்டாலும் சித்தி “என்ர மகள்” என்றுதான் என்னைச் சொல்லுவார்.

“மை நீஸ்,” என்றார் சித்தி.

உச்சரிப்பும் சரி, அக்காவின் மகள் என்ற கருத்தும் சரி. திருத்துவதற்கு அதில் எனக்கு எதுவும் இருக்கவில்லை.