புறா முட்டைச் சேதி

பெற்றவர்கள் வைத்த பேர் அவனுக்குச் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. மற்ற இடத்திலெல்லாம் அவன் வெண்கலம். வாயைத் திறந்தால் வெண்கலக் கடையில் யானை புகுந்த மாதிரி இருக்கும் என்பதால் வந்த பேர். லிஃப்ட் மெக்கானிக்குக்கு அது வரம். உச்சியில் ஒருத்தன் மோட்டாரைப் பார்த்துக்கொண்டு நிற்பான், அடியில் குழிக்குள் ஒருத்தன் குனிந்து கிடப்பான். ‘நிறுத்து’ என்றால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். காதில் விழாவிட்டால் கை கால் போகும். பேசுவதற்குக் கம்பெனி ஒரு கருவி கொடுத்திருந்தது. அதில் சார்ஜ் இருக்கிற நாள் அபூர்வம். வெண்கலத்தின் தொண்டைக்குச் சார்ஜே வேண்டாம்.

ஒரு மேஸ்திரிக்குக் கீழே நாலு பேர் ஒரே கூட்டமாக வேலை பார்த்தார்கள். வெண்கலம் ஒருவன். சுருட்டை இன்னொருவன், அவனுக்கு அந்தப் பேர் வைத்தபோது தலையில் முடி இருந்தது. மூன்றாவது மாப்பிள்ளை. மேஸ்திரியின் மகளையே கட்டிக்கொண்டதால் கூட்டத்துக்கே மாப்பிள்ளை ஆகிவிட்டான். நாலாவது தந்தி. எதைக் கேட்டாலும் மூன்று வார்த்தையில் முடித்துக்கொள்வான். பிறகு கம்பெனி ஆளுக்கு ஒரு ஊருக்குத் தூக்கிப் போட்டது. மிச்சமிருந்த உறவெல்லாம் போனில்தான். ‘குழி’ என்று ஒரு குரூப். அதில் நாலு பேரும் மேஸ்திரியும்.

மேஸ்திரி வயிற்று நோயில் படுத்தபோது குரூப்பில் எல்லாரும் கும்பிடுகிற கை படமாகப் போட்டுத் தள்ளினார்கள். வேறு பேச்சே இல்லை. ஒருநாள் மேஸ்திரியின் குரல் வந்தது.

“டேய், கும்பிட்டது போதும்டா. நான் என்ன சாமியா? ஆளுக்கொரு சேதி சொல்லுங்க. பூனை குட்டி போட்டிருந்தாலும் சரி. ஆனா கண்ணால பார்த்ததா இருக்கணும். எவனோ அனுப்பினதைத் திருப்பி அனுப்பினீங்க, தொலைச்சிடுவேன்.”

அன்று முதல் அதுதான் சட்டம். காலை டீக்கு முன்னால் ஆளுக்கொரு சேதி. தவறினால் இரண்டு வரி பாடி அனுப்ப வேண்டும். தந்தி ஒரே ஒரு தடவை தவறினான். அவன் பாடியதைக் கேட்டபிறகு அவனைத் தவற விடக் கூடாது என்று மற்ற மூவரும் முன்கூட்டியே ஞாபகப்படுத்த ஆரம்பித்தார்கள். மேஸ்திரி நாலு மாதம் அந்தச் சேதிகளைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். சட்டம் அவரோடு போகவில்லை.

வெண்கலத்துக்கும் எழுத்துக்கும் ஆறாம் வகுப்போடு உறவு முறிந்துவிட்டது. சேதியெல்லாம் குரல் பதிவுதான். அவன் போனைப் பிடித்துச் சேதி சொன்னால் மாடி வீட்டுக்காரருக்கும் அன்றைய சேதி தெரிந்துவிடும்.

அந்தக் குரல்தான் கம்ம ஆரம்பித்தது. முதலில் சளி என்றான். பிறகு தூசி என்றான். இரண்டு மாதம் கழித்தும் உடைந்த ஓட்டில் கல் உரசுவது போல் இருந்தபோது, அவன் மனைவி கையைப் பிடித்து இழுக்காத குறையாகத் தொண்டை டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டரம்மா மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்.

“குரல் நாண்ல ஒரு தடிப்பு இருக்கு. எடுத்து டெஸ்டுக்கு அனுப்பிடலாம். எடுத்த எட்டாம் நாள் ரிசல்ட் வந்துடும். அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. கிசுகிசுன்னு பேசுறதும் கூடாது.”

“அது... அதுவா இருக்குமா டாக்டர்?” என்றாள் மனைவி.

“ரிசல்ட் வரட்டும்மா. வந்த பிறகு பேசுவோம்.”

அந்த ‘அது’வுக்கு வீட்டில் யாரும் பேர் வைக்கவில்லை. சோபாவில் மூன்றாவது ஆளாக அது உட்கார்ந்திருந்தது.

தடிப்பை எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் மனைவி ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்தாள். “இருபத்தி நாலு வருஷத்துல இந்த ஒரு வாரந்தான் நான் ஆரம்பிச்ச பேச்சை நானே முடிக்கப் போறேன்” என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே போய்க் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டாள். குழாய் ரொம்ப நேரம் ஓடியது. வாளி நிரம்புகிற சத்தம் மட்டும் கேட்கவில்லை.

வெளியே வந்து, “குரூப்ல அண்ணன்மார்கிட்ட சொல்லிடுங்க” என்றாள்.

அவன் நோட்டில் கிறுக்கினான்: ‘வேண்டாம்’.

“ஏன்?”

‘கை கும்பிடுவானுங்க.’

அவளுக்கு அது புரிந்தது, ஒத்துக்கொள்ள மட்டும் மனமில்லை. அவன் பயம் அதுதான். மேஸ்திரி படுத்தபோது குரூப் எப்படி இருந்தது என்று அவன் பார்த்திருக்கிறான். தனக்காக இன்னொரு முறை அந்தக் குழி இருட்ட வேண்டாம். இன்னொன்றும் இருந்தது. அவர்கள் கும்பிட ஆரம்பித்துவிட்டால், ‘அது’ உண்மையாகிவிடும்.

முதல் நாள் தட்டித் தடவி எழுதினான்: ‘போன் மைக் போச்சு. எறும்பு ஈ றெக்கைய தூக்கிட்டு போச்சு. நிமித்தி புடிச்சி.’

சுருட்டையின் குரல் வந்தது: “யோவ், உன் மைக்கு போகலைய்யா, தற்கொலை பண்ணிக்கிச்சு. எத்தனை வருஷந்தான் தாங்கும் அது?”

இரண்டாம் நாள் பால்காரர் சைக்கிளில் புது மணி. மூன்றாம் நாள் எதிர் வீட்டு நாய் சோப்பைக் கடித்துவிட்டு வாயில் நுரையோடு திரிந்தது. நாலாம் நாள் மாப்பிள்ளைக்குச் சந்தேகம் வந்துவிட்டது. “என்னய்யா எல்லாம் வீட்டு வாசல் சேதியாவே இருக்கு? வேலைக்குப் போறியா, இல்ல வாசல்ல காவல் காக்கிறியா?”

ஐந்தாம் நாள் வேலைச் சேதி ஒன்றை உருவாக்கினான். ஒரு அம்மா லிஃப்ட் இடுக்கில் வீட்டுச் சாவியைப் போட்டுவிட்டார், குழிக்குள் இறங்கி எடுத்துக் கொடுத்தேன். மாதம் நாலு தடவை நடப்பதுதான். யாரும் கேள்வி கேட்கவில்லை. அதில் தைரியம் வந்தது. ஆறாம் நாள் கொஞ்சம் அழகாகவே செய்ய நினைத்தான். எந்தக் காலத்திலோ ஒரு பழைய கட்டடத்தின் மொட்டை மாடியில், மோட்டார் வைக்கிற அறைக்குள் புறா முட்டையிட்டிருந்ததைப் பார்த்திருந்தான். அதை எடுத்து, ரயிலடிக்கு எதிரே இருக்கிற கண்ணாடிக் கட்டடத்தில் வைத்தான். ‘மெஷின் ரூம்ல புறா ரெண்டு முட்ட. மோட்டர் சூட்டுல நல்லா பொரியும்.’

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும். கண்ணாடிக் கட்டடத்தில் இருப்பது புது மாதிரி லிஃப்ட். அதற்குத் தனி அறை கிடையாது. லிஃப்ட் ஏறி இறங்குகிற பாதைக்குள்ளேயே உச்சியில் மோட்டார் தொங்கும். போன வருஷம் அதைப் பொருத்த வந்த ஆட்களில் தந்தியும் ஒருவன். பத்து நாளும் வெண்கலத்தின் வீட்டில்தான் அவனுக்குச் சாப்பாடு.

தந்தியிடமிருந்து பதில் வந்தது: ‘மெஷின் ரூம் ஏது?’

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். வெண்கலத்தின் புளுகு ஆறிலேயே படுத்துவிட்டது. முப்பது வருஷ மெக்கானிக் இல்லாத அறையில் முட்டை வைத்திருக்கிறான் என்றால், ஒன்று மூளை கெட்டிருக்க வேண்டும், இல்லை ஆள் வேலைக்கே போகவில்லை. இரண்டு நிமிடத்தில் சுருட்டை முகம் பார்த்துப் பேசும் அழைப்பில் கூப்பிட்டான். வெண்கலம் வெட்டினான். மறுபடி கூப்பிட்டான். மறுபடி வெட்டினான். மூன்றாவது முறை மனைவி போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

“அண்ணே, நான்தான் பேசுறேன்.”

“தங்கச்சி, எங்கம்மா அவன்? உயிரோட இருக்கானா இல்லையா?”

“இங்கதான் இருக்கார். பேச மாட்டார். பேசக் கூடாது.” பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். தடிப்பு, டெஸ்ட், எட்டாம் நாள். நாளை மறுநாள் ரிசல்ட்.

போனில் சுருட்டையின் மொட்டைத் தலை மட்டும் தெரிந்தது. முகத்தைத் தொங்கப் போட்டிருந்தான். “அந்த மடையன் பக்கத்துல இருக்கானா? இருந்தா கேட்டுக்கச் சொல்லு. வந்தேன்னா செவுள்லயே ஒண்ணு வைப்பேன்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். குரல் கம்மியிருந்தது. அன்றைக்கு அந்த வியாதி இருவருக்கும் பொதுவாக இருந்தது.

வெண்கலம் போனைக் கவிழ்த்து வைத்தான். இப்போது வரும், கும்பிடுகிற கைகள் வரிசையாக வரும் என்று காத்திருந்தான். போன் அதிர்ந்தது. புரட்டினான்.

மாப்பிள்ளை: “எங்க மாமியார் டிவி ரிமோட்டை ஃப்ரிட்ஜ்ல வச்சிட்டாங்க. ரெண்டு நாளா தேடுறோம். ஜில்லுனு இருக்கு, ஆனா நல்லா வேலை செய்யுது.”

சுருட்டை: “பக்கத்து வீட்ல புது நாற்காலி வாங்கியிருக்காங்க. மேல சுத்தின பிளாஸ்டிக்கைக் கிழிக்க மனசில்லாம, அப்படியே உட்கார்ந்து சரக் சரக்னு வழுக்கிட்டு இருக்காங்க.” அடுத்ததாக இன்னொன்று: “பொய் சேதிக்கு டபுள் தண்டனை. நாலு வரி பாடணும். அவசரமில்ல. குரல் வந்ததும் பாடு.”

குரல் வந்ததும். வந்தால் என்றில்லை. அந்த ஒரு சொல்லை வெண்கலம் நாலைந்து தடவை போட்டுக் கேட்டான். மனைவி பார்க்காத மாதிரி துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள், மடித்ததையே மறுபடியும்.

எட்டாம் நாள் ஆஸ்பத்திரி மூன்றாவது மாடி. இரும்பு நாற்காலிகள். கையில் டோக்கன். கதவு திறக்கும்போதெல்லாம் அவன் பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தான். போன் விடாமல் அதிர்ந்தது. காலை டீ நேரம் தாண்டியும் சேதிகள் நிற்கவில்லை. ஆளுக்கொன்று என்ற சட்டம் அன்றைக்கு மட்டும் தளர்ந்திருந்தது. கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்ததால் மனைவிதான் மெல்லப் படித்துச் சொன்னாள். திடீரென்று அவள் குரல் நின்றது.

“என்னங்க, இது தந்தி அண்ணன் எழுதினதுதானா? பதினோரு வரி இருக்கு.”

அவன் எட்டிப் பார்த்தான். மங்கலாகத் தெரிந்தாலும் பேர் சரிதான். அவள் படித்தாள்.

“காலையில செருப்பு அறுந்துடுச்சு. தைக்கிறவர் கடை பூட்டியிருந்துச்சு. ஒத்தைச் செருப்போட பஸ் ஏறினேன். எதிர் சீட்ல ஒரு குழந்தை என் காலையே பார்த்துச்சு. அப்புறம் அதுவும் தன் ஷூ ஒண்ணைக் கழட்டிடுச்சு. அவங்கம்மா மாட்டி விட்டாங்க, மறுபடி கழட்டிடுச்சு. அவங்கம்மா என்னை முறைச்சாங்க. நான் என்ன செய்ய? நான் இறங்குற வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் ஒத்தைக் கால்தான்...”

முப்பது வருஷத்தில் தந்தி பேசியதையெல்லாம் கூட்டினாலும் இவ்வளவு வராது. வெண்கலத்துக்குச் சிரிப்பு வந்தது. சத்தம் வராமல் சிரிக்க வேண்டியிருந்ததால் தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீர் முட்டியது. எதிரே இருந்த பெரியவர் ஏதோ துக்கம் என்று நினைத்துத் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அந்த நேரம் பார்த்து டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

டாக்டரம்மா காகிதத்தைப் பார்க்கவில்லை. “உள்ளங்கையைக் காட்டுங்க” என்றார்.

காட்டினான். ஸ்பேனர் பிடித்துப் பிடித்து விரல்களின் அடியெல்லாம் காய்த்துக் கல்லாகியிருந்தது.

“இது எப்படி வந்துச்சு?”

அவன் ஸ்பேனரைத் திருகுவது போல் காற்றில் திருகிக் காட்டினான்.

“அதேதான் தொண்டையிலயும். கத்திக் கத்திக் காய்ப்பு விழுந்திருக்கு. நீங்க பயந்த மாதிரி எதுவும் இல்ல. கெட்டது ஒரு துளி இல்ல. எடுத்தாச்சு, போயிடுச்சு.”

மனைவி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “ஒரு துளி இல்லையா டாக்டர்?”

“ஒரு துளி இல்ல. இன்னைலேர்ந்து மெதுவா பேசலாம். ஆனா இனிமே கத்தக் கூடாது.”

“அதை எழுதிக் கொடுங்க டாக்டர். பெரிய எழுத்துல” என்றாள் அவள். சொல்லிவிட்டு அங்கேயே அழுதாள். குழாய் இல்லாமல், நன்றாக, தாராளமாக அழுதாள்.

வெளியே வந்து லிஃப்டுக்கு நின்றார்கள். காலையில் இதே லிஃப்டில்தான் மேலே வந்தான். அது ஓடியதா பறந்ததா என்றுகூட அப்போது தெரியாது. இப்போது கதவு திறந்தது. உள்ளே வைக்கப் போன காலை அவன் பின்னால் எடுத்தான். குனிந்தான். விளிம்பில் விரலை வைத்துப் பார்த்தான்.

“என்னங்க? மயக்கமா?”

அவன் தலையை ஆட்டிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். பட்டனை அழுத்திப் பிடித்தான். எட்டு நாளாகப் பூட்டியிருந்த கதவு கிறீச்சிடுவது போல் குரல் வந்தது. வெண்கலமில்லை, ஈயப் பாத்திரம் உருள்கிற மாதிரி. ஆனாலும் குரல்தான்.

“வெறும் காய்ப்புதான்டா. கெட்டது ஒண்ணுமில்ல.” மூச்சு விட்டான். “சேதி சொல்றேன், கண்ணால பார்த்தது. இந்த ஆஸ்பத்திரி லிஃப்ட் மூணாவது மாடியில ஒரு விரக்கடை கீழ நிக்குது. எவனுமே பார்க்கல போல.”

“போதும், போதும், மெதுவா” என்று மனைவி அவன் முதுகைத் தட்டினாள். கதவு மூடி லிஃப்ட் இறங்க ஆரம்பித்தது. இரண்டாவது மாடி தாண்டும்போது போன் அதிர்ந்தது. தந்தி பழைய தந்தியாகியிருந்தான்.

‘நாலு வரி பாட்டு?’