பாதரசக் கொட்டகை

ராயப்பேட்டை அத்தர் வியாபாரியின் மகள் அஸ்மத்துன்னிசா பிரசவ டாக்டராகத்தான் பேரெடுத்திருந்தாள். தியாகராய நகரில் சொந்தமாக ஒரு பிரசவ விடுதி தொடங்க இடம்கூடப் பார்த்தாயிற்று. யுத்தகாலத்தில் ஒரு மாசி மாதம், ஆழ்வார்பேட்டையில் இருந்த அவளுடைய சின்ன கிளினிக்குக்கு சகினா என்பவள் தன் புருஷனைக் கைப்பிடித்து அழைத்து வந்தாள்.

"இவருக்கு ஜின் புட்ச்சிக்கினு கீது டாக்டரம்மா. தர்காவுல தாயத்து கட்டியும் போவல. டீ குட்சா மேலெல்லாம் ஊத்திக்கிறாரு. யாராச்சும் பார்த்தா அழுவறாரு."

குலாம் ரசூல் தலை நிமிரவில்லை. நீட்டிய விரல்கள் அரசிலைபோல் நடுங்கின. ஈறுகள் வீங்கிக் கறுத்திருந்தன.

"என்ன வேலை பார்க்கிறீங்க?"

"கண்ணாடிக்கு ரசம் பூசறேன்மா."

மறுநாள் மத்தியானம் மயிலாப்பூரில் அவர் வேலை பார்த்த கொட்டகையைத் தேடிப் போனாள் அஸ்மத்துன்னிசா. யுத்தத்தால் சீமைக் கண்ணாடி வருவது நின்றிருந்தது. வீட்டுப் பழைய கண்ணாடிகளையெல்லாம் சுரண்டி, பழைய முறைப்படி வெள்ளீயத் தகட்டின்மேல் பாதரசம் ஊற்றிப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் அவளுக்குக் குளத்தின் அடியில் நிற்பதுபோல் இருந்தது. நாலு சுவரிலும் சாய்ந்திருந்த கண்ணாடிகளில் அவளே அவளைப் பார்த்தாள். தரைப் பிளவுகளில் வெள்ளித் துளிகள் உருண்டு, ஒன்றையொன்று தேடிப்போய்ச் சேர்ந்தன. ஆட்கள் மெல்லிய குரலில் பேசினார்கள். யாரோ கூப்பிட்டால் திடுக்கிட்டார்கள். ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. அழகாக இருந்தது அந்த இடம். அந்த அழகுதான் அவளைப் பயமுறுத்தியது.

அதற்குப் பிறகு பிரசவம் இல்லாத மத்தியானங்களில் அங்கேயே போய் உட்கார்ந்தாள். ஒவ்வொருவரையும் சிலேட்டில் ஒரு வட்டம் போடச் சொன்னாள். புதிதாக வந்தவர்களின் வட்டம் வட்டமாக இருந்தது. பழையவர்களுடையது அலைஅலையாகக் கலைந்தது. அவர்களின் சிறுநீரைப் புட்டிகளில் வாங்கி, கல்லூரியில் ரசாயனம் கற்பித்த சுப்புராயனிடம் கொடுத்தாள். எல்லாவற்றிலும் பாதரசம் இருந்தது.

"கண்ணுக்குத் தெரியாத ஆவியா மூச்சோட போகுது. ஜன்னலைத் திறக்கணும்" என்றாள் முதலாளி வெள்ளைத்துரையிடம். திருநெல்வேலிக்காரர். கொட்டகைக்குள்ளேயே மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார்.

"தொறந்தா தூசி படியும்லா டாக்டரம்மா. எவன் வாங்குவான்? ஜின் புடிச்சதுக்கு நான் என்ன செய்ய?"

அவள் பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்த கண்ணாடியை அவர் முகத்துக்கு நேரே திருப்பினாள்.

"உதட்டை விலக்கிப் பாருங்க."

அவர் பார்த்தார். ஈறு ஓரத்தில் கறுப்பு. "ராத்திரி ஊறுற எச்சிக்கு வெத்தலதான் காரணம்னு நெனச்சிருந்தேன்" என்றார் பிறகு, தாழ்ந்த குரலில். தானே எழுந்து போய்க் கிழக்குப் பக்கத்து ஜன்னலைத் தள்ளினார். துருப்பிடித்த கொக்கி கையோடு வந்துவிட்டது. கடற்காற்று உள்ளே நுழைந்ததும் வேலையாட்கள் தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டவர்கள்போல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ரசம் ஊற்றும் மேடை வெளியே கீற்றுப் பந்தலுக்குப் போயிற்று. சோறு உண்ண வேறு இடம். குலாம் ரசூலை அந்த வேலையிலிருந்தே நிறுத்தி, சரக்கு கொண்டுபோகும் வண்டியில் ஏற்றினார் வெள்ளைத்துரை. ஐப்பசி வாக்கில் சகினா மட்டும் கிளினிக்குக்கு வந்தாள்.

"நேத்து என்னாண்ட சண்டை போட்டாரும்மா. நல்லா சத்தமா" என்றாள், நாணத்தோடு சிரித்துக்கொண்டு.

அஸ்மத்துன்னிசா விடுதிக்குப் பார்த்த இடத்தை விட்டுவிட்டாள். "குழந்தைங்களப் பொறக்க வைக்கிறத வுட்டுட்டு, கொட்டாய் கொட்டாயா சுத்துறியே" என்று அவள் அம்மா அமீனா பீ குறைப்பட்டுக்கொண்டாள். மகளுக்கோ டிராமில் போகும்போது, ஒவ்வொரு சாத்திய கதவுக்குப் பின்னாலும் யாரோ எதையோ மூச்சில் வாங்கிக்கொண்டிருப்பதாகத் தோன்றும்; உடனே இறங்கிவிடுவாள். அப்படித்தான் அச்சுக்கூடத்து ஈயமும் சாயப்பட்டறைப் புகையும் அவள் ஆராய்ச்சிக்குள் வந்தன. சுதந்திரம் வந்த வருஷம், மழை தூறிய ஒரு மாலையில், ஒரு சாயப்பட்டறை வாசலில் ஓடிய நீலத் தண்ணீரைத் தாண்டிக் கதவைத் தட்டினாள். உள்ளே யாரோ இருமிக்கொண்டே வந்து திறந்தார்கள்.