தோடம்பழம் உரித்த நடிகை

போன சனிக்கிழமை என் மகளைக் காணவில்லை.

பதற வேண்டாம்... கிடைத்துவிட்டாள். நான்தான் இன்னும் முழுதாகத் திரும்பி வரவில்லை. இதை எழுதுவதற்கு முன்புகூட அவளுடைய அறையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

அபி கல்லூரியில் சினிமாவையும் ஒரு பாடமாகப் படிக்கிறாள். நகரத்தின் நடுவே ஒரு சின்னத் தியேட்டரில், பழைய பிரெஞ்சுப் படங்களுக்கும் அவற்றின் நட்சத்திரங்களுக்கும் இந்த மாதம் விழா. மத்தியானம் ஒரு படம் பார்த்துவிட்டு ஐந்து மணிக்கு வீட்டில் நிற்பேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். ஐந்து ஆயிற்று. ஐந்தரை ஆயிற்று. போன் ஓஃப். வெளியே பனி கொட்டுகிறது. நாங்கள் குடியிருக்கும் வில்லரே பகுதியில் எங்கள் தெருவில் ஒரு காக்கை குருவி இல்லை.

பிள்ளை அரை மணி நேரம் பிந்தினால் ஒரு அப்பன் இப்படிப் பதறலாமா? பதறலாம். நேரத்துக்கு வீடு திரும்பாத பிள்ளை என்றால் என்ன அர்த்தம் என்று பார்த்து வளர்ந்த ஊர்க்காரன் நான். நாடு மாறினாலும் வயிறு மாறவில்லை.

"படம் நீண்டிருக்கும். கொஞ்சம் பொறுங்கோவன்," என்றாள் என் மனைவி வதனி.

"பொறுக்கிறதோ! நீர் போனுக்குப் பக்கத்தில இரும். ஆளைக் கண்ட உடனே போன் அடிக்கிறன்."

பூட்ஸ் கயிற்றைக்கூடக் கட்டாமல் மெட்ரோவுக்கு ஓடினேன்.

தியேட்டரில் டிக்கெட் கொடுக்கும் பெண் மிக நிதானமானவள். இரண்டாவது படம் தொடங்கிவிட்டதாம். உள்ளே போய் ஆள் தேட முடியாதாம். ஆனால் டிக்கெட் எடுத்தால் படம் பார்க்கலாமாம். "என்னுடைய மகள்..." என்று இழுத்தேன். "நல்ல படம், மொஸ்யே," என்றாள். எடுத்தேன்.

உள்ளே கும்மிருட்டு. அங்கேதான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

நம்முடைய ஆட்கள் ஹோலை வாடகைக்கு எடுத்துத் தமிழ்ப் படம் போடுகிற இடத்துக்கு நீங்களும் போயிருப்பீர்கள். அங்கே இருட்டில் பெயர் சொல்லிக் கூப்பிடுவது ஒரு குற்றமா? "அன்ரி, மட்டன் ரோல்ஸ் ஆரிட்ட இருக்கு?" என்று ஐந்தாறு வரிசை தள்ளிக் கேட்பார்கள். கதாநாயகன் செத்துக்கொண்டிருக்கும்போதே பதிலும் வரும். அந்தப் பழக்கத்தில், தொண்டை முழுவதையும் திறந்து — "அபீ!" என்றேன்.

தியேட்டரே திரும்பியது. "ஷ்ஷ்ஷ்!" திரையில் இருந்தவர்கள் மட்டும்தான் திரும்பவில்லை.

ஒரு கை என் கோட்டைப் பிடித்து இழுத்தது. "அப்பா! இருங்கோ... ஐயோ, இருங்கோ எண்டுறன்!"

இருந்தேன். கோட்டோடேயே சீட்டில் விழுந்தேன். பக்கத்தில் என் பிள்ளை. முழுசாக, சூடாக, கோபமாக.

"ரெண்டாவது படத்தையும் பாத்திட்டு வருவம் எண்டு நினைச்சன். உங்களுக்குச் சொல்ல மறந்திட்டன், சொறி. இப்ப உங்கட போனையும் ஓஃப் பண்ணுங்கோ. வெளிச்சம் அடிக்குது."

பண்ணினேன். அந்த நிமிஷத்தில் அவள் தலைகீழாக நிற்கச் சொல்லியிருந்தாலும் நின்றிருப்பேன்.

பிறகுதான் திரையைப் பார்த்தேன்.

கறுப்பு வெள்ளை. ஒரு சமையலறை. சுவரில் ஒரு டெலிபோன். ஒரு பெண் அழைப்புக்காகக் காத்திருக்கிறாள். அவ்வளவுதான்! வசனம் இல்லை, பாட்டு இல்லை, மழைகூட இல்லை. ஒரு தோடம்பழத்தை எடுத்து உரிக்கிறாள். தோல் அறுந்துவிடாமல், மெதுவாக. டெலிபோனை ஒருமுறைகூட அவள் பார்க்கவில்லை. ஆனால் அவளுடைய கழுத்து, காது, விரல் எல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருக்கின்றன. காமெரா அவள் முகத்துக்குக் கிட்டப் போய் அங்கேயே நின்றுவிட்டது. உரித்து முடித்தாள். ஒரு சுளைகூடத் தின்னவில்லை.

இந்தப் பெண்ணுக்கு என்னை எப்படித் தெரியும்? சற்று முன்னர் வீட்டில் நான் செய்ததும் இதே வேலைதானே! நான் கத்திக்கொண்டு செய்தேன். அவள் கத்தாமல் செய்தாள். நட்சத்திரம் என்பது அதுதான் போலிருக்கிறது.

கதாநாயகனையும் சொல்ல வேண்டும். பெரிய காது, தொய்ந்த தோள், பின்னோக்கிப் போய்க்கொண்டிருக்கும் தலைமயிர். நம்முடைய படமென்றால் அவரைக் கதாநாயகிக்குச் சித்தப்பாவாகப் போட்டிருப்பார்கள். அந்த மனிதர் கதவைத் திறந்து, அவளைப் பார்த்து, தொப்பியைக் கழற்றினார். தியேட்டர் மூச்சை இழுத்துப் பிடித்தது. யாரையும் அடிக்கவில்லை, எங்கும் பறக்கவில்லை... தொப்பியைக் கழற்றினார், ஐயா!

இன்னொன்று. இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து பிரெஞ்சு எனக்கு வேலைத்தல மொழி, கரண்ட் பில் மொழி. அபி சின்னவளாக இருந்தபோது கார்டெரி என்கிற பிள்ளைகள் காப்பகத்திலிருந்து அவளைக் கூட்டிவரப் பிந்திப் போய், அந்த மொழியில்தான் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். அதே மொழியில் ஒருவர் இன்னொருவரிடம், களைத்துப் போனாயா என்று தாழ்ந்த குரலில் கேட்பதை அன்றைக்குத்தான் காது கொடுத்துக் கேட்டேன். அட... இத்தனை மெல்லிய மொழிக்குள்ளா இவ்வளவு காலம் குடியிருந்தேன்?

படம் முடிந்தது. எழுந்தேன். நான் மட்டும்தான் எழுந்தேன். "இருங்கோ அப்பா," என்றாள் அபி. கடைசிப் பெயர் ஓடி மறையும் வரை ஒருவரும் அசையவில்லை. பிறகு கை தட்டினார்கள். யாருக்கு? அந்த நடிகை இறந்து எவ்வளவோ காலம் என்கிறாள் அபி. வெறும் வெள்ளைத் திரைக்குத் தட்டினார்கள். நானும் கை நோகத் தட்டினேன்.

மெட்ரோவுக்கு நடக்கும்போது மெதுவாகக் கேட்டேன். "ஏன் பிள்ளை, இடைவேளையில போனை ஒருக்காப் போட்டுப் பாத்திருக்கலாம்தானே?"

"அப்பா, அந்த மனிசி ஒரு கோலுக்காக உயிரைக் கையில பிடிச்சுக்கொண்டு இருக்குது. அதைப் பாக்கப் போயிட்டு நான் போனை நோண்டுறதோ?"

இருவரும் சிரித்தோம். திடீரென்று அவள் நின்றாள்.

"அப்பா... அம்மாவுக்கு அடிச்சனீங்களோ?"

என் போன் கோட்டுப் பைக்குள் செத்துக் கிடந்தது. உயிர் கொடுத்தேன். வதனியின் தவறிய அழைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. அடித்தேன். முதல் மணி முடிவதற்குள் எடுத்தாள்.

"ஆள் என்னோடதான்... வாறம்."

"ம்."

போனை வைத்துவிட்டாள்.

வீட்டில், குசினி மேசையில் வதனி. முன்னால் போன். பக்கத்தில் மலைபோலப் போஞ்சிக்காய். வீட்டிலிருந்த அத்தனையையும் நறுக்கி முடித்திருந்தாள், எல்லாம் ஒரே அளவில். முகத்தில் அழுத அடையாளம் இல்லை. மகளை உச்சி முதல் கால் வரை பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். அப்படியே பார்த்தாள்.

விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். அபி என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"ஷ்ஷ்... கதையாதேங்கோ அப்பா. குளோஸ்-அப் போகுது."

இந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் போஞ்சிக்கறி. யாரும் வாய் திறக்கவில்லை... சாப்பிடுவதற்குத் தவிர.