வேட்டியில் வடித்த எண்ணெய்

எனக்கு லாரி ஓட்டத் தெரியாது. லாரிக்கு எண்ணெய் மாற்றத் தெரியும். ஜப்பான்காரன் காலத்தில் கற்றுக்கொண்டேன், அதுவும் அவன்மேல் இருந்த ஆத்திரத்தில் கற்றுக்கொண்டேன்.

அப்போது சிங்கப்பூரில், சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், பலகை வீட்டில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரரிடம் சொந்தமாக ஒரு பழைய லாரி இருந்தது. ஜப்பான்காரர்கள் அதைப் பிடுங்கிக்கொள்ளவில்லை. அவரையே ஓட்டச் சொல்லி, தோட்டங்களிலிருந்து மரவள்ளிக்கிழங்கை அவர்களுடைய கிடங்குக்கு ஏற்றிவர வைத்தார்கள். லாரி ஓடும்வரை அவர் சட்டைப்பையில் அவர்கள் கொடுத்த வேலை அட்டை இருக்கும். அட்டை இருந்தால் ஆள் பிடிக்கிறவர்கள் தொடமாட்டார்கள். இல்லாதவர்களைத் தேக்கா மார்க்கெட்டிலேயே வளைத்துப் பிடித்து, சயாமில் ரயில் பாதை போட ஏற்றிவிட்டார்கள். போனவர்களைப் பற்றி ஒரு தகவலும் வரவில்லை. காலையில் உலை கொதிக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால், லாரி ஒழுங்காக உறுமுகிறதா என்றுதான் நான் காது கொடுப்பேன்.

பெட்ரோலை அளந்து கொடுத்தார்கள். என்ஜின் ஆயிலைக் கேட்டால், பட்டாளத்துக்கே இல்லை, உனக்கு எங்கே என்று விரட்டினார்கள். எண்ணெய் மாற்றாமல் எத்தனை நாள் ஓட்ட முடியும்? பக்கத்துச் சந்து டிரைவர் ஒருவர் தேங்காயெண்ணெயை ஊற்றிப் பார்த்தார். கொஞ்ச நாள் சமையல் வாசனையோடு ஜோராக ஓடியது. பிறகு உள்ளே பிசினாகப் பிடித்து என்ஜின் இறுகிவிட்டது. அவரும் சயாமுக்குத்தான் போனார்.

ஒரு சனிக்கிழமை எங்கள் லாரியும் கடகடவென்று அடிக்க ஆரம்பித்தது. கிடங்கில் வண்டிகளைப் பார்வையிடும் சார்ஜண்ட், என்ஜினில் எண்ணெய் பார்க்கும் அளவுக்கம்பியை உருவி, அதிலிருந்த கறுப்புக் குழம்பை விரலில் தேய்த்துப் பார்த்தானாம். திங்கட்கிழமை வீட்டுக்கே வருவேன், அப்போதும் இந்தச் சத்தம் கேட்டால் லாரி பழைய இரும்புக்கு, நீ சயாமுக்கு என்றானாம். பட்டாளத்து எண்ணெயைத் திருடி ஊற்றினால் தலை இருக்காது என்றும் சொல்லி அனுப்பியிருந்தான். ஊற்றாவிட்டால் சயாம், ஊற்றினால் கத்தி. நல்ல நியாயம்.

என் வீட்டுக்காரர் தங்கமான மனுஷன், ஆனால் யாராவது அதட்டினால் அப்படியே சுருண்டுவிடுவார். வந்து இதைச் சொல்லிவிட்டு, சட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். சயாமுக்கு மூட்டை கட்டுகிறார்! எனக்கு வந்ததே கோபம். பையைப் பிடுங்கி அதே சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு, பழைய எண்ணெய் எங்கே என்று கேட்டேன்.

வேலிக் கட்டைகளில் கறையான் ஏறாமல் பூசுவதற்காக, சண்டைக்கு முன்பிருந்தே கழிவு எண்ணெயை மண்ணெண்ணெய்த் தகரத்தில் ஊற்றிவைப்பார். கொல்லையில் அது நிறைய இருந்தது. மண், தண்ணீர், கரி எல்லாம் கலந்த சேறு. அதை வைத்து என்ன செய்வாய் என்றார்.

"எண்ணெய் கெட்டா போச்சு? அழுக்காதானே ஆச்சு. அழுக்க எடுத்துட்டா எண்ணெய்தான்" என்றேன்.

வெண்ணெய் காய்ச்சி நெய் எடுக்காதவள் யார்? தண்ணீர் இருக்கும்வரை சடசடக்கும். சத்தம் அடங்கினால் தண்ணீர் போய்விட்டது. கசடு அடியில் தங்கும், தெளிவு மேலே நிற்கும். வெண்ணெயைக் கண்டே வெகுநாள் ஆகியிருந்தது, ஆனால் காதுக்கு அந்தச் சத்தம் மறக்குமா? கொல்லையில் கரியடுப்பை மூட்டி, தணலைக் குறைத்து, தகரத்தை ஏற்றினேன். தீப்பிடித்தால் போட ஈரச்சாக்கும் மணலும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். புகை கண்ணைக் கரித்தது. சடசடப்பு அடங்குகிற நேரத்தில், கை தன்பாட்டுக்குக் கொல்லை முருங்கைமரத்துக்குப் போய்க் கொத்து ஒன்றை ஒடித்து எண்ணெய்க்குள் போட்டுவிட்டது. நெய் காய்ச்சிய பழக்கம்! அவர் அதைப் பார்த்துவிட்டு, லாரிக்கு மணக்க மணக்க ஊற்றப் போகிறாயா என்று சிரித்தார். அன்று அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

காய்ந்த எண்ணெயை உயரமான பானையில் ஊற்றித் தெளியவிட்டோம். ஞாயிறு மத்தியானம், கசடு கலங்காமல், கஞ்சி வடிப்பதுபோல் மேலாகச் சாய்த்தேன். அப்படியும் விரலில் தேய்த்தால் மணல் நறநறத்தது. துணியில் வடிகட்டியே ஆக வேண்டும்.

துணிக்கு எங்கே போவது? அந்தக் காலத்தில் அரிசி கிடைத்தாலும் துணி கிடைக்காது. உடுத்தியிருந்ததைத் தவிர வீட்டில் முழுசாக ஒரே ஒரு வெள்ளைத் துணி இருந்தது. அவர்கள் சொல்லும் நாட்களில் வாசலில் தொங்கவிட வேண்டிய ஜப்பான் கொடி. அதுவும் அவன் கொடுத்ததில்லை. வீட்டுக்கு ஒரு கொடி என்று உத்தரவு வந்தபோது, எங்கள் கல்யாண வேட்டியைக் கிழித்து நான்தான் தைத்தேன். சிவப்புச் சாயம் கிடைக்கவில்லை. ஆரத்திக்குக் கலக்குவதுபோல் மஞ்சளில் சுண்ணாம்பைக் குழைத்து, நடுவில் வட்டமாகப் பூசினேன். மாப்பிள்ளையைச் சுற்றி வாசலில் கொட்டுகிற ஆரத்திதான் அவர்களுடைய சூரியன். அந்தத் தெருவில் எத்தனையோ பட்டாளத்தான் அதைக் கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

நான் பெட்டியிலிருந்து அதை எடுத்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"வேணாம் புள்ள. தெரிஞ்சா ரெண்டு பேர் தலையும் போயிடும்."

"இது உங்க வேட்டி. என் கழுத்துல தாலி கட்டறப்ப கட்டியிருந்தது. அவன் கேட்டான்னு அவன் கையில கொடுத்தோம், இப்ப நமக்கு வேணும், எடுத்துக்கறோம்" என்றேன்.

நாலாக மடித்துப் பானை வாயில் கட்டி எண்ணெயை ஊற்றினேன். நூலாக இறங்கியது. கறுப்புப் போய், கடுங்காப்பி நிறத்தில் தெளிந்து நின்றது. விரலில் வைத்தால் வழுக்கியது, நறநறப்பு இல்லை.

அவர் சந்து முனையில் கண் வைத்துக்கொண்டு சொல்லச் சொல்ல, மாற்றும் வேலையை நானே செய்தேன். லாரியைக் கொஞ்ச நேரம் உறும விட்டோம். சூடு ஏறினால்தான் பழைய எண்ணெய் அடிக்கசடையும் இழுத்துக்கொண்டு இறங்கும். பிறகு வயிற்றுக்கடியில் படுத்து, ஸ்பானரால் அடித்திருகாணியைக் கழற்றினேன். கையைச் சுட்டுக்கொண்டு எண்ணெய் இறங்கியது. திருகாணியின் வளையம் நைந்திருந்தது. செருப்புத் தோலை வெட்டிப் புது வளையம் போட்டேன். இறுக்கினேன், ஆனால் மரை போகிறமாதிரி இறுக்கவில்லை. காய்ச்சிய எண்ணெயை அளவுக்கம்பியின் கோடுவரை ஊற்றி முடுக்கியதும் கடகடப்பு நின்றது. எழுந்து நின்று சேலையை உதறினேன். அவர் என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

திங்கட்கிழமை காலையில் சார்ஜண்ட் வந்தான். லாரியை முடுக்கச் சொல்லிச் சத்தத்தைக் கேட்டான். அளவுக்கம்பியை உருவினான். அவன் முகம் மாறிவிட்டது. இவ்வளவு நல்ல எண்ணெயை எங்கே திருடினாய் என்று, தெரிந்த அரைகுறை மலாயில் கத்தினான். கை இடுப்புக் கத்திக்குப் போனது.

நான் முன்னால் போய், எனக்குத் தெரிந்த மார்க்கெட் மலாயில் திருடவில்லை, காய்ச்சினேன் என்றேன். பானையைக் காட்டினேன், அடியில் விரல்கடைக் கனத்துக்குச் சேறு இருந்தது. அவன் நம்பவில்லை. எதில் வடிகட்டினாய், கொண்டுவா என்றான்.

இல்லை என்றால் திருட்டு உறுதி. கொண்டுவந்தால்? உள்ளே போனேன். பயந்தேன், அதைச் சொல்ல வெட்கமில்லை. துணியை எடுத்துவந்து நீட்டினேன்.

அவன் அதை உதறி விரித்தான். முழுக்கக் கறுப்பு. ஒரு இடத்தில் மட்டும், வட்டத்தின் விளிம்பு மங்கலாக, பழைய ரத்தக்கறைபோல் தெரிந்தது. சரியாக அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து நெருடிப் பார்த்தான். மண் நறநறத்தது. ம்ம் என்று தலையை ஆட்டினான். பிறகு, எண்ணெய் பட்ட விரல்களை ஒவ்வொன்றாக, நகக்கண் முதற்கொண்டு, அந்தத் துணியிலேயே அழுத்தித் துடைத்தான். துடைத்துவிட்டு என் காலடியில் வீசினான். அட்டையில் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

அவன் சந்து திரும்பும்வரை என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே நின்றார். திரும்பியதும் ஓடிவந்து துணியைச் சுருட்டி என் கையில் திணித்தார்.

"அடுப்புல போட்டுக் கொளுத்திடு. இப்பவே."

"எதுக்குக் கொளுத்தணும்? அடுத்த தடவை எண்ணெய் வடிகட்ட வேணாமா?" என்று கேட்டுவிட்டு, அதைக் கொல்லைக் கொடியில் நன்றாக விரித்துக் காயப்போட்டேன்.